சும்மா இருக்காத கை

அன்புள்ள சுமினிக்கு, மார்யோனோவின் ஸலாம். அப்பாவின் வலது கை இப்போது கொஞ்சமாவது அசைகிறதா? நம் பொண்ணு லாராஸுக்கு இருமல் நின்றதா? நான் நலம். ஜப்பான் குளிரில் மூக்கு மட்டும் என்னைக் கேட்காமல் ஓடுகிறது.

முதியோர் பராமரிப்பு உரிமத் தேர்வில் தவறிவிட்டேன். எழுத்துத் தேர்வில் உன் புருஷன் எப்படியோ தப்பிவிட்டான். செய்முறையில்தான் விழுந்தேன். பக்கவாதம் வந்தவராக நடித்த அம்மையார் ஒரு கையால் சட்டைப் பொத்தானோடு போராடினார். அவராகவே போடும்வரை காத்திருக்க வேண்டும், அதுதான் பாடம். நானோ மண்டியிட்டு எல்லாவற்றையும் மளமளவென்று போட்டுவிட்டேன்.

"அந்தக் கையை வீட்லயே வச்சுட்டுப் போயிருந்தா பாஸ் ஆகியிருப்பீங்க, மார்யோனோ-சான்!" என்று சிரித்தார் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் மூத்த பணியாளர் ஒகபே அம்மா.

"பெரியவங்க தடுமாறுறதை எப்படிம்மா பார்த்துட்டு நிக்கிறது?" என்றேன். அவர் பிறகு சிரிக்கவில்லை.

உரிமம் வந்தால்தானே உங்களை இங்கே அழைத்துக்கொள்ள முடியும். பனி அடுத்த வருஷமும் பெய்யும் என்று லாராஸிடம் சொல்.

நீ அரைக்கும் மிளகாய்ச் சம்பல் கொஞ்சம் அனுப்பு. இல்லத்துப் பெரியவர் யாரோ மணி அடிக்கிறார், ஓட வேண்டும். அப்பா பொத்தானோடு தடுமாறினால் நீ காத்திருக்காதே, போட்டுவிடு. ஒன்றை மட்டும் என் பேரைச் சொல்லிப் போடு.

உன் மார்யோனோ