லாரியில் ஏறிய கதவுகள்

போர்த்தெலா, ஃபோகோ தீவு

என் மகள் இவனில்டாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் ஆடுகளும் சுகம். மலையும் சுகமாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் புகை விட்டுக்கொண்டு. அமெரிக்கக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவிடம் தினமும் கேட்கிறேன்.

போன வாரம் நீ போனில் அழுதது மனதை விட்டுப் போகவில்லை. "மலை மறுபடி வெடிச்சா அப்பா வீட்டை விட்டு வருவாரா, அதை மட்டும் சொல்லும்மா" என்று கேட்டாய், நான் மழுப்பிவிட்டேன். நீ பயப்படுவதில் தப்பே இல்லை. சென்ற முறை தீக்குழம்பு தெருமுனைக்கு வந்த பிறகும் அந்த மனிதர் ஜன்னலைக் கழற்றிக்கொண்டு நின்றாரே, பக்கத்து வீட்டு அடெலினோ சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் நான் இன்று விதவையின் கறுப்பு உடையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரிப் பெண் வந்து, மலை வெடித்தால் ஊரைக் காலி செய்வதற்கு ஒத்திகை வைத்தாள். சங்கு ஊதியதும் எல்லாரும் லாரியில் ஏற வேண்டும், அவ்வளவுதான். நம் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்குமா? பழகிய பழக்கம், சங்கு ஊதியதும் ஆளுக்கொரு பக்கம் ஓடிக் கதவைக் கழற்றினார்கள், ஜன்னலைக் கழற்றினார்கள், கூரைத் தகடு, கட்டில், ஒயின் பீப்பாய் எல்லாம் ஏறிவிட்டது. முதல் கதவு உன் அப்பாவுடையதுதான், முகத்தில் அப்படி ஒரு பெருமை. கடைசியில் பார்த்தால் லாரி நிறைந்துவிட்டது, ஊரே கீழே நிற்கிறது. அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டு, "கதவெல்லாம் பிழைச்சிடுச்சு, நீங்க எல்லாரும் செத்துட்டீங்க" என்றாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "கதவில்லாம எதை வச்சு வீடு கட்டுறது? மரம் என்ன இங்க காய்ச்சா தொங்குது?" என்று மல்லுக்கு நின்றார். அவள் அசரவில்லை. எல்லாவற்றையும் இறக்க வைத்து, வெறுங்கையோடு வரணும் என்று சொல்லி, மறுபடி சங்கு. நான் ஓடிப்போய் ஏறிவிட்டேன், இவரைக் காணோம். ஒத்திகை என்பதே எனக்கு மறந்துபோயிற்று. எல்லாரும் ஏறிய பிறகு மெதுவாக வந்தார். கையில் ஒன்றுமில்லை. அந்தக் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கால்சட்டைப் பையில் விட்டார், எடுத்தார், கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊர் பார்க்க என் கையைப் பிடித்தது கல்யாணத்துக்கு அப்புறம் அன்றுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாப்பிடும்போது தானாகவே சொன்னார், "உன் மகளுக்கு எழுது. சங்கு ஊதினா எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடுவேன். ஊதாதவரைக்கும் கிளம்பு கிளம்புன்னு நச்சரிக்கக் கூடாது." ஒத்துக்கொள்ளடி கண்ணே. எங்களுக்கு இங்கே ஒரு குறையுமில்லை. தீக்குழம்பு இறுகிய புதுக்கல் மேல் கட்டிய வீட்டில் தரை இன்னும் வெதுவெதுவென்று இருக்கிறது, என் முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. சாம்பலில் நட்ட திராட்சையும் இந்த வருஷம் காய் பிடித்திருக்கிறது.

குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. அப்பாவுக்குப் போன் பண்ணி, சரிப்பா என்று ஒரு வார்த்தை சொல். மாதா உங்கள் மூவரையும் தன் மடியில் வைத்துக் காக்கட்டும். நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன், என் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: வருவார். நீ நிம்மதியாகத் தூங்கு.

உன் அம்மா,
ஃபெலிஸ்மினா