ஊசி தின்ற கூந்தல்

4 ஜூன் 1946, செவ்வாய்

இன்றும் தலை காயவில்லை. காலையில் கிணற்றில் அள்ளிக் குளித்தேன். இப்போது விளக்கு வைக்கும் நேரம். பின்னலை அவிழ்த்தால் உள்ளே இன்னும் ஈரம். தலையணையெல்லாம் முடை நாற்றம். நாங்கள் தங்கும் மோட்டார் வானுக்குள் இரண்டு தட்டுப் படுக்கை. மேலே நான், கீழே அன்னப்பூரணியக்கா. கூரைக்கும் என் முகத்துக்கும் நடுவே ஒரு முழம்தான். அதற்குள் முடியை எங்கே விரித்துக் காயவைப்பது?

பட்டாளம் விட்டுப்போன அம்புலன்ஸ் இது. யுத்தம் முடிந்ததும் சுகாதாரப் பகுதிக்கு வந்தது. வாவிக்கரை ஊர்களில் நெருப்புக்காய்ச்சல் என்கிற டைபோயிட்டுக்குத் தடுப்பூசி போடுவது எங்கள் வேலை. ஊசி போடுபவர் அக்கா, அவர் நேர்ஸ். வான் ஓட்டுபவர் ஏறாவூர் ஆதம்பாவா. வயதில் மூத்தவர், அதனால் எனக்குக் காக்கா, அண்ணன் மாதிரி. இரவில் அவர் வெளியே பாய் விரித்துப் படுப்பார். பெண்களிடம் பேசி அவர்களை ஊசிக்கு அழைத்து வருவது என் பொறுப்பு. வீட்டுக்கு யாராவது வந்தால் குசினிக்குள் ஒளிந்துகொள்கிற என் பொறுப்பு! பி.ஏ. படித்தவள் பேசுவாள் என்று நினைத்து வேலைக்கு எடுத்துவிட்டார்கள்.

5 ஜூன், புதன்

ஊசி அவிக்கும் ஸ்பிரிட் அடுப்பில் பின்னல் நுனி பற்றிக்கொண்டது. அக்கா ஈரத்துணியால் அமுக்கி அணைத்தார். "அதத் தூக்கிக் கட்டு எண்டு எத்தினதரம் சொல்லுற?" கட்டித்தான் இருந்தேன். அவிழ்ந்துவிட்டது. போதாததற்குப் பேன் வேறு. அது போன ஊர் தந்த சீதனம்.

7 ஜூன், வெள்ளி

வெட்டிவிட்டேன்.

அக்கா செங்கலடிச் சந்தைக்குப் போயிருந்த நேரம். காயக்கட்டுத் துணியில் ஒரு நாடா கிழித்து, காதுமடலுக்கு நேராகத் தலையைச் சுற்றிக் கட்டினேன். முதலில் பின்னல். ஒரே வெட்டில் போகும் என்று நினைத்தேன். கத்தரிக்கோல் வழுக்கியது, கயிறு அறுப்பதுபோல் அறுக்க வேண்டியிருந்தது. பிறகு வானின் பக்கக் கண்ணாடியைத் திருப்பி வைத்து, நாடாவுக்குக் கீழே தெரிந்ததை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினேன். பிடரி கண்ணாடியில் விழாது. இரண்டு விரல்களுக்கு இடையே முடியைப் பிடித்து, விரலைத் தாண்டி நின்றதை வெட்டினேன். விரலை நம்பினேன், அவ்வளவுதான்.

கச்சான் காற்று கழுத்தில் பட்டது. என் கழுத்து இவ்வளவு நாளும் எங்கே இருந்தது?

யாரையும் கேட்காமல் செய்தேன். அதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

அக்கா வந்து பார்த்ததும் சந்தைப்பையைக் கீழே போட்டுவிட்டார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா! கண்ணகையெண்டு பேரை வச்சுக்கொண்டு... அந்தத் தாய் முடிய விரிச்சவ. நீ அறுத்துப்போட்டு நிக்கிறாய்!" வெள்ளிக்கிழமை என்பது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அறுந்த பின்னலை அக்கா எறியவிடாமல் கடதாசியில் சுற்றித் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

காக்கா என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். "முன்னால பறவாயில்ல புள்ள. பின்னால எலி கடிச்ச மாதிரி இரிக்கி."

10 ஜூன், திங்கள்

மருதங்கரைக்கு வந்து சேர்ந்தோம். வாவியை ஒட்டிய ஊர். பொதுக்கிணற்றடியில் வானை நிறுத்தினோம். இந்த மாதம் மட்டும் இங்கே மூன்று வீடுகளில் நெருப்புக்காய்ச்சல்.

பின்னேரம் கிணற்றடியில் கூடிய பெண்களிடம் பேசினேன். நிலத்தைப் பார்த்துத்தான் பேசினேன், ஆனாலும் பேசினேன். புஸ்பம் என்ற ஒரு அம்மா, நல்ல உயரம், கணீரென்ற குரல், கேட்டார்: "ஊசிக்குள்ள என்ன இரிக்கி டீச்சர்?" படித்த பெண் என்றால் இந்த ஊருக்கு டீச்சர்தான். உண்மையைச் சொன்னேன். அந்தக் காய்ச்சலின் கிருமிதான், ஆனால் செத்த கிருமி, ஒன்றும் செய்யாது என்றேன். "நீங்க போட்டனீங்களா?" "ஓம், நானும் போட்டிருக்கிறன்." என் தலையைப் பார்த்தார். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

திக்காமல் பதில் சொன்னேன். எனக்கே சந்தோஷம்.

12 ஜூன், புதன்

ஆண்கள் வட்டைக்கு, வயல் வேலைக்குப் போகுமுன் வந்து கையை நீட்டிவிட்டுப் போகிறார்கள். பெண்கள் ஒருவரும் இல்லை. பெண்பிள்ளைகளும் இல்லை. நேற்றும் இப்படித்தான். ஏன்?

13 ஜூன், வியாழன்

காரணம் தெரிந்துவிட்டது. காரணம் நான்தான்.

கிணற்றடியில் புஸ்பத்திடம் நேரே கேட்டேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"இஞ்ச பாருங்க. என்ட மூத்தவள் பூமணி நெருப்புக்காய்ச்சல்ல கிடந்து எழும்பினவள். காய்ச்சல் போன புறகு தலைமயிர் கொத்துக் கொத்தாக் கொட்டிப் போச்சு. ஊசிக்குள்ள அதே காய்ச்சல்தான் எண்டு சொன்னது நீங்க. ஊசி போட்டனான் எண்டதும் நீங்க. உங்கட தலைய ஊரே பாத்திச்சு. இனி என்ன விளக்கம் வேணும்?"

ஊசியால் போகவில்லை, நானே வெட்டினேன் என்றேன்.

"பட்டம் எடுத்த பொம்பிள ஆராவது தன்ட தலைமயிரத் தானே வெட்டுவாளா? பொய் சொல்லுறதுக்கும் ஒரு அளவு வேணும், டீச்சர்."

அக்காவுக்கு முழங்கால் வரை கூந்தல் இருக்கிறதே, அவரும் ஊசி போட்டவர்தானே என்றேன். பின்னால் நின்ற ஒருத்தி பக்கத்தவளைப் பார்த்துச் சிரித்தாள். "குத்துறவ தனக்குக் குத்துவாவா, கா?"

கல்லூரியில் தருக்கம் படித்தேன். புஸ்பத்தின் பேச்சில் எந்தப் படி பிழை என்று காட்ட என்னால் முடியவில்லை. எல்லாப் படியையும் நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

புஸ்பத்துக்கு இளைய மகள் ஒருத்தி, தெய்வானை. இடுப்புக்குக் கீழே பின்னல். காய்ச்சல் வந்த வீடுகள் குடிக்கும் அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் அவளும் குடிக்கிறாள்.

15 ஜூன், சனி

எங்கள் பகுதிக்குப் பொறுப்பான டொக்டர் காரில் வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயம். "மிஸ் நல்லரத்தினம், மருந்தை நாங்கள் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்க வரவில்லை. வருகிற கிழமைக்குள், ஏழு நாளில் பெண்கள் வராவிட்டால் நீங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள். வானுக்கு நேர்ஸ் போதும்." காரில் ஏறும்போது, "ஒரு சவுரியாவது வைத்துக் கட்டக்கூடாதா?" என்றார்.

அலுவலகத்தில் மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் இருக்கும். யாரோடும் பேச வேண்டியதில்லை. இரண்டு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் ஓடிப்போயிருப்பேன். இப்போது வேண்டாம். இந்த ஊரை இப்படி விட்டுவிட்டுப் போகமாட்டேன்.

அக்கா பெட்டியைத் திறந்து என் பின்னலை எடுத்தார். நுனியில் நூல் சுற்றி, "இது உன்ட முடிதானே, என்ன பொய்?" என்றார்.

17 ஜூன், திங்கள்

எழுதவே வெட்கமாயிருக்கு.

சவுரியை வைத்து அக்கா கொண்டை போட்டுவிட்டார். கொண்டை ஊசி ஏழெட்டாவது குத்தியிருப்பார். அதைப் பார்த்தோ என்னவோ, காலையில் சில பெண்கள் மெல்ல வந்தார்கள். முதலாவதாக வந்த பிள்ளைத்தாய்ச்சி படியில் உட்கார்ந்தாள். அக்கா அவள் புயத்தில் ஸ்பிரிட் பஞ்சு தடவினார். அவள் பயத்தில் நடுங்கினாள். கையைப் பிடிப்போம் என்று குனிந்தேன். அப்போது பார்த்து ஒரு கச்சான் வீச்சு. கொண்டை அப்படியே கழன்று அவள் மடியில் விழுந்தது.

"அம்மாளே! ஊசியக் கண்ட உடனயே கொட்டுது!" என்று அலறினாள்.

ஒரு நொடியில் கிணற்றடி வெறிச்சோடிப் போனது. காக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரிப்பில் தோள் குலுங்க நின்றார். அக்கா அழுதார்.

அக்கா சொன்னத ஏன் கேட்டன்? எனக்குத் தெரியுமே இது சரிவராதெண்டு! ஆரு என்ன சொன்னாலும் தலையாட்டிற இந்தப் புத்தி எப்ப போகும்? உண்மையச் சொன்னாப் பொய் எண்டாங்க. அதுக்காக உண்மையாவே ஒரு பொய்யத் தலையில வச்சுக்கொண்டு போனனே...

இனி ஒளிக்கமாட்டேன். ஒன்றையும்.

18 ஜூன், செவ்வாய்

பெண்கள் எல்லாரும் தண்ணீருக்கு வரும் நேரத்தில், வானின் பின்படியில் உட்கார்ந்தேன். மடியில் கத்தரிக்கோல். வெறுந்தலை.

"புஸ்பமக்கா, இஞ்ச வாங்க. என்ட தலைமயிரப் பிடிச்சு இழுங்க."

"என்னவாம்?"

"கொட்டுற முடியெண்டாக் கையோட வரும்தானே. இழுங்க."

புஸ்பம் கையைச் சேலையில் துடைத்தார். உச்சியில் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தார், கிணற்றுக் கயிறு இழுத்த கையால். என் கண்ணில் தண்ணீர் வந்தது, முடி வரவில்லை. அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவ்வளவுதான், எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது. "நானும் ஒருக்கா!" "தள்ளுகா, நான் இன்னம் இழுக்கல்ல." ஒரு கிழவி இரண்டாம் முறையும் வந்தார், முதல் முறை சரியாகப் பிடிபடவில்லையாம். "தேர் வடமா இது? விடுங்ககா, பிள்ளட தலையே கழண்டிரும்!" என்று அக்கா கத்தினார். என்னைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு கண்ணாடியைத் திருப்பி, தலையை நனைத்து, விரலிடுக்கில் முடியைப் பிடித்து அவர்கள் முன்னாலேயே வெட்டினேன். எலி கடித்த பிடரியைச் சரிசெய்ய வேண்டியும் இருந்தது. வெட்டும் சத்தம் மட்டும்.

"பொறுங்க, கோணுது," என்று புஸ்பம் வந்து பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். வெட்டி முடிந்ததும் விழுந்த துண்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டுச் சொன்னார்:

"சரி, நீங்கதான் வெட்டினீங்க. நம்பிட்டன். ஆனா ஊசியால கொட்டாதெண்டதுக்கு இது சாட்சியில்லயே. உங்களுக்கு முடி போனாக் கவலையில்ல, வெட்டி எறியிறீங்க. என்ட மகளுக்கு அப்பிடியா? ஒருத்திக்குப் போனதே காணும், போதும்."

அவர் சொன்னது சரிதான். இருபது தரம் சத்தியம் செய்தாலும் அது என் முடி, அவர் மகளின் முடி அல்ல.

புஸ்பமே சொன்னார்: "முதல்ல எனக்குக் குத்துங்க. என்ட தலைமயிர் போனா ஆருக்கு நட்டம்? எங்கட மனிசன் என்னைக் கிறுகித் திரும்பிப் பாத்தே எத்தினை வருசம்!"

கிணற்றடியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. புயத்தை நீட்டும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

19 ஜூன், புதன்

புஸ்பத்துக்கு உடம்பு காய்கிறது, புயம் வீங்கியிருக்கிறது. இரண்டும் வரும், ஒரு நாளில் போய்விடும் என்று முன்பே சொல்லியிருந்தேன். இருந்தாலும் பயம். அவர் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் இருந்தேன். "பயப்பிடாதீங்க டீச்சர், செத்தாலும் உங்கட பேரைச் சொல்லமாட்டன்," என்று முனகினார்.

உள்ளே பூமணி. தலையைத் துணியால் மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். காய்ச்சல் விட்டு இரண்டு மாதம் ஆகிறதாம். வெளியே வருவதில்லையாம்.

22 ஜூன், சனி

புஸ்பம் எழுந்துவிட்டார். கிணற்றடியில் எல்லாருக்கும் முன்னால் கூந்தலை அவிழ்த்துச் சீப்புப் போட்டார். "ரெண்டு வந்திருக்கு! ரெண்டு!" என்றாள் ஒருத்தி. "அது தினமும் வாறதுதாங்கா, பேச்சி," என்று புஸ்பம் சீப்பாலேயே ஒரு தட்டுத் தட்டினார்.

25 ஜூன், செவ்வாய்

ஊர் முழுக்க புஸ்பத்தின் சீப்பைத்தான் பார்க்கிறது. டொக்டர் கொடுத்த தவணை முடிந்துவிட்டது. இன்னும் ஒரு கிழமை வேண்டும் என்று நானே எழுதி, கையெழுத்தும் போட்டு, காக்காவிடம் கொடுத்தனுப்பினேன். வேண்டுகோளாக எழுதவில்லை. தேவை என்று எழுதினேன்.

27 ஜூன், வியாழன்

பதில் இல்லை. வேண்டாம் என்றும் இல்லை. இருக்கிறோம்.

1 ஜூலை, திங்கள்

காலையில் வான் கதவைத் திறந்தபோது படியில் தெய்வானை உட்கார்ந்திருந்தாள். பின்னலைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள், யாரோ பறிக்க வருவதுபோல. பின்னால் புஸ்பம். "இவளுக்குப் போடுங்க. நான் பக்கத்தில நிக்கிறன்."

தெய்வானைக்குப் பின்னால் வேலியோரமாகப் பெண்கள். அக்காவுக்கு மதியம்வரை நிமிர நேரமில்லை. மருந்து முடிந்து காக்கா பட்டினத்துக்கு ஓட வேண்டியதாயிற்று. "பொண்டுகள் வாறாங்க எண்டு சொன்னன்," என்றார் திரும்பி வந்து. "டொக்டர் ஐயா நம்பல்ல. மறுகாக் கேட்டாரு. மறுகாச் சொன்னன்."

அலுவலகத்துக்கு வரச்சொல்லி ஒன்றும் வரவில்லை. அடுத்த ஊரின் பெயர்தான் வந்திருக்கிறது.

5 ஜூலை, வெள்ளி

நாளை புறப்படுகிறோம். பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பூமணி வந்தாள். தனியாக, நேரே என்னிடம் வந்தாள். துணி தலையில் இருந்தது.

"அக்கா, எனக்கும் வெட்டிவிடுவீங்களா?"

துணியை எடுத்தாள். சில இடங்களில் முடி நீளம், சில இடங்களில் பூனைமயிர், காதுக்கு மேலே வெறுந்தோல். அங்கே புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது. நீளமாக மிஞ்சியதை இழக்க மனமில்லாமல் இதுவரை வைத்திருந்திருக்கிறாள். அதனால்தான் இல்லாத இடம் அவ்வளவு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை என்று அக்கா ஒரு சொல் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். என் தலையில் விரலை நம்பினேன், இவள் தலையில் ஒவ்வொரு வெட்டையும் கண்ணால் அளந்தேன். மெதுவாக வெட்டினேன். எல்லாவற்றையும் குறைந்த இடத்தின் அளவுக்குக் கொண்டுவந்தேன். முடித்ததும் காக்கா கண்ணாடியை அவள் பக்கம் திருப்பிவிட்டு அப்பால் போய்விட்டார். பூமணி நெடுநேரம் பார்த்தாள்.

"ஆரும் கேட்டா நான் என்ன சொல்லுற?"

"வெட்டினனான் எண்டு சொல்லு. உண்மைதானே."

துணியை மடித்து இடுப்பில் செருகினாள். குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள். நான் வானுக்குள் நின்று காது கொடுத்துக் கேட்டேன். அங்கே ஒரு குரல்:

"என்னடி பூமணி, நீயும் பட்டம் எடுத்திட்டியா?"

"ஓம், எடுத்திட்டன். வழியை விடுங்க."

சிரிப்பு. கப்பி சுழலும் சத்தம். குடம் நிறையும் சத்தம். அவள் திரும்பி வந்தாள். வேகமாக வரவில்லை.