காலாட்டும் வண்டி

என் தங்கச்சியைக் கட்டுவதற்கு முன்னாலேயே எனக்குக் கூட்டாளியாகிவிட்ட மாப்ளே ஏழுமலைக்கு,

நீ போய் மூன்று மாதமும் சொச்ச நாளும் ஆகிறது. எனக்கு எழுத்து மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மகள் கௌசல்யாதான் எழுதுகிறாள். நான் பேசுகிறதை அப்படியே போட்டால் படிக்கிறவர்கள் சிரிப்பார்களாம், அதனால் கொஞ்சம் திருத்தி எழுதுகிறாள். ஒன்பதாம் மாதம் நடக்கிறது அவளுக்கு. நோட்டை வயிற்றின் மேலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சட்டைப் பையில் உன் வண்டிச் சாவி கிடக்கிறது. வாசலுக்கும் வேப்பமரத்துக்கும் நடந்துகொண்டேதான் இதைச் சொல்கிறேன். உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நேராகச் சொல்ல வாய் வரவில்லை, சுற்றித்தான் வருவேன். நான் என்றைக்கு எதை நேராகச் சொல்லியிருக்கிறேன்?

உனக்குக் கால் ஆட்டாமல் உட்காரத் தெரியாது. கட்டிலில் உட்கார்ந்தால் கட்டில் ஆடும். பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலையில் ரசம் ஓடும். தங்கச்சி தனம் உன்னைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து உன் தொடையில் அடித்து அடித்துச் சொன்னது ஒன்றுதான்: "ஆட்டாதய்யா, குடும்பத்துக்கு ஆவாது!" நீ ரெண்டு நிமிஷம் நிறுத்துவாய். அப்புறம் அதுவாக ஆரம்பித்துவிடும்.

தொண்ணூற்று மூன்றில் நாம் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய மொபெட் வாங்கினோமே, அதன் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டுகூட ஆட்டினாய். திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகிற வரைக்கும் வண்டி பாம்பு மாதிரி நெளிந்தது. நடுவில் மல்லாட்டை மூட்டை வேறு. அன்றைக்கு மழை, மூட்டைக் கடலையெல்லாம் நனைந்தது. ஓடைத் தண்ணீர் ரோட்டில் ஏறி ஓடியது. நான் வேண்டாம் என்றேன், நீ விடு என்றாய், விட்டேன். நடுத் தண்ணீரில் மொபெட் இருமிவிட்டு நின்றது. தள்ளிக் கரையேற்றி, பிளக்கைக் கழற்றி, இடுப்புத் துண்டின் உள்பக்கம் ஒரு சாண் இடம் காய்ந்திருந்தது, அதில் துடைத்தாய். அப்போது நீ சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "மச்சான், மனுஷனுக்குக் காதுல தண்ணி பூந்தா எப்படியோ, எஞ்சினுக்குப் பிளக்குல தண்ணி பூந்தா அப்படி. தலைய ஆட்டிக்கினே கெடக்கும்." அன்றைக்கு டீக்கடையில் நாம் சாப்பிட்ட போண்டா...

கௌசி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "மாமா, போண்டா வாணாம். காருக்கு வா."

சரி, காருக்கு வருகிறேன். அந்த வெள்ளை வண்டியை நீ செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்த அன்று ஊரே கூடி நின்றது. எஸ்யூவி என்று சொல்ல வேண்டும் என்றாய். எனக்கு அது பெரிய காருதான். இவ்வளவு பெரிய வண்டி, அதுவும் பெட்ரோலு, எதுக்குடா என்று கேட்டேன். "எம்பொண்ணு புள்ள பெக்க ஷேர் ஆட்டோல போவ மாட்டா மச்சான்" என்றாய். அப்போது கௌசிக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அந்த வண்டியில்தான் உன்னை விழுப்புரத்துக்குக் கூட்டிப்போனேன். நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லிக்கொண்டே முன்சீட்டில் கால் ஆட்டிக்கொண்டு வந்தாய். கால் ஆடுகிற வரைக்கும் பயமில்லை என்று நான் ஓட்டினேன். திரும்பி வரும்போது பின்சீட்டை மடித்துப் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தோம். "அவரு வண்டியிலயே போவட்டும்" என்றாள் தனம். வழியெல்லாம் கண்ணாடியில் உன் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன் மாப்ளே. ரோட்டுப் பள்ளத்தில் ஒருதரம் அசைந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டேன்.

உன்னை எடுத்த பிறகு வீட்டைக் கழுவிவிட்டார்கள். பிணம் ஏற்றிய வண்டியையும் கழுவணும் என்றார்கள் உன் பங்காளிகள். மஞ்சள் கரைத்து வேப்பிலை போட்ட தண்ணீரை ரெண்டு குடம் கொடுத்தார்கள். நான்தான் கழுவினேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வண்டியை எடுத்தால், நின்ற இடத்திலேயே உதறுகிறது. ஓடுகிறபோது முக்குகிறது. மீட்டர் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு கண் சிமிட்டுகிறது. நான் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த தனம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நிறுத்தாத. அவரு கால ஆட்டுறாரு."

நானும் உட்கார்ந்து பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, அதே ஆட்டம்தான். தட்டுத் தட்டாக, நடுவில் கொஞ்சம் விட்டு, திரும்பவும். கட்டிலில் உன் பக்கத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

அன்றிலிருந்து தினம் பொழுது சாய்கிற நேரத்துக்கு "அண்ணே, வண்டிய ஸ்டார்ட் பண்ணு" என்பாள். நான் ஸ்டார்ட் பண்ணிவிட்டு இறங்கிக்கொள்வேன். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம் உள்ளே உட்கார்ந்திருப்பாள். வாய் அசையும். மல்லாட்டைக்குக் களை வெட்டியாச்சு, மருமவன் கம்பெனியிலிருந்து லீவு கிடைக்காமல் வரவில்லை, இதெல்லாம் உன்னிடம் சொல்லியிருப்பாள். தெருவில் சிலர் பயந்தார்கள். "போவலடா அவன், வண்டியிலதான் கீறான்" என்று சுற்றிக்கொண்டு போனார்கள். தனத்துக்கு அது ஒன்றுதான் சாப்பாட்டைத் தொண்டையில் இறக்கியது. அதை நான் எப்படி ரிப்பேர் பண்ணுவேன், சொல்லு?

போன வாரம் கௌசியைச் செக்கப்புக்குக் கூட்டிப்போனோம். திண்டிவனத்து ரயில் மேம்பாலத்தில் ஏறுகிறபோது வண்டி இழுக்கவில்லை. பாதி ஏற்றத்தில் விக்கி விக்கி நின்றுவிட்டது. பின்னால் லாரி ஆரன் அடிக்கிறான். கௌசி ரெண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது தரம் சாவி திருப்பின பிறகுதான் கிளம்பியது.

வீட்டுக்கு வந்ததும் கௌசி சொல்லிவிட்டாள். "இதுல நான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன். ஆட்டோ சொல்லிக்கிறேன்."

"ஒங்கப்பா வண்டியிலதான்டி போவணும்" என்றாள் தனம். "அவரு உள்ள கீறாரு. ஒன்ன நடுரோட்டுல விட்டுருவாரா?"

"விட்டாரேம்மா. பாலத்து மேல விட்டாரே!"

தனம் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, எவனயாச்சும் கூட்டியாந்து எஞ்சின்ல கைய வெச்ச, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் தனம் மல்லாட்டை பிடுங்கப் போனாள். வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போனால் ஊர் சொல்லிவிடும். அதனால் வேப்பமரத்தடியிலேயே பானெட்டைத் திறந்தேன். கௌசி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்துச் சொன்னாள்.

"மொதல்ல பேட்டரி நெகட்டிவ கழட்டணுமாம் மாமா. எஞ்சின் ஆறியிருக்கணுமாம்."

"ஆறிப்போய்த்தான் கீது. நான்தான் சூடா கீறேன்."

"பேசாம கழட்டு. ஜல்தி. அம்மா வந்துரும்."

மேல் மூடியை எடுத்தால் நாலு காயில் வரிசையாக நிற்கிறது. கைவிளக்கு நீளத்துக்குக் கறுப்புத் தண்டு, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒன்று. அதுதான் பிளக்குக்கு நெருப்பு கொடுக்கிறதாம். நம் மொபெட்டில் ஒரே ஒயர்தான் இருந்தது. பின்னை அமுக்கி ஒயரை எடுத்து, போல்ட்டைக் கழற்றி, மெல்லத் திருகி மேலே இழுக்க வேண்டும். முதலாவது சுத்தமாக வந்தது. ரெண்டாவதும் வந்தது.

மூன்றாவது வரவில்லை. பிடித்துத் திருகினேன், ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி இழுத்தபோது அதன் கழுத்தில் என்னமோ ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு வேப்பிலை. காய்ந்து, கருத்து, நரம்பு மட்டும் தெரிந்தது. போன் வெளிச்சத்தைப் பிளக் உட்காருகிற குழிக்குள் அடித்துப் பார்த்தேன். உள்சுவரெல்லாம் மஞ்சள் படிந்திருந்தது. பிளக்கின் கட்டையில் துரு. காயில் ரப்பரில் நெருப்பு வழிதவறி ஓடின கோடு.

கௌசி எட்டிப் பார்த்தாள். "இன்னா மாமா அது, மஞ்சளா?"

இப்போது ஒத்துக்கொள்கிறேன் மாப்ளே. அன்றைக்கு வெளியே கழுவி முடித்த பிறகு ஒரு குடம் மிச்சம் இருந்தது. உள்ளேயும் தீட்டு இருக்குமே என்று பானெட்டைத் திறந்து முழுக் குடத்தையும் எஞ்சின் தலையில் ஊற்றினேன். இருபது வருஷமாக டிராக்டர் ஓட்டுகிறவன் நான். டீசல் எஞ்சினுக்குப் பிளக்கே கிடையாது. சேற்றில் வந்த டிராக்டரைத் தலையோடு காலாகத் தண்ணீர் விட்டு அலசியே பழகின கை. ஆனால் நீ மழையில் நின்று சொன்னது தெரியாதவனா நான்? தெரியும். அன்றைக்கு உன்னைத் தவிர ஒன்றும் ஞாபகம் இல்லை.

நாலாவதையும் கழற்றினேன். குழிகளில் இருந்த தூசியைச் சைக்கிள் பம்பால் ஊதினேன். ஊதாமல் பிளக்கை எடுத்தால் குப்பை எஞ்சினுக்குள் விழுந்துவிடும் என்று கௌசி ரெண்டு தரம் சொன்னாள். பிளக்குகளை எடுத்து, குழிகளைத் துணியால் மூடி, பழைய காயிலையும் ஒரு பிளக்கையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். பஸ்ஸிலும் நின்றுகொண்டேதான் போனேன். கடைக்காரர் காயிலை முகர்ந்து பார்த்தார். "இன்னா பெரியவரே, கொழம்பு வெச்சீங்களா?" என்றார். சிரிக்க முடியவில்லை. நாலு பிளக்கும் ஒரு காயிலும் வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

புதுப் பிளக்கைக் கையாலேயே திருகி உட்கார வைத்து, கடைசியில்தான் ஸ்பேனர் போட்டேன். மூன்று முடிந்தது. நாலாவதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், பின்னால் கூடை விழுகிற சத்தம். தனம். தலையில் மண், கையில் மல்லாட்டைச் செடி.

"தொடாதன்னு சொன்னேனே."

அந்த வேப்பிலையை எடுத்து அவள் கையில் வைத்தேன். அப்புறம் சொன்னேன், குடம், பானெட்டு, எல்லாம். அவள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ, மூணு மாசமா நான் நீ ஊத்துன மஞ்சத்தண்ணி கூடயா பேசிக்கினு இருந்தேன்?"

கௌசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டாள், முடியவில்லை. தனம் அவளை முறைத்தாள். பிறகு அவளுக்கும் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரிவதற்குள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாலாவதையும் போட்டேன். காயில்களை உட்கார வைத்தேன். பேட்டரியை மாட்டினேன். சாவியைத் திருப்ப மனசு வரவில்லை. திருப்பினால் நீ போய்விடுவாய். மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கௌசி என்னைப் பார்த்து, "மாமா, எனக்குத்தான் தல சுத்துது" என்றாள்.

பொழுது சாய்ந்தது. தினம் வருகிற நேரத்துக்குத் தனம் வெளியே வந்தாள், தலை குளித்திருந்தாள். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நானும் ஏறிச் சாவியைத் திருப்பினேன்.

உதறல் இல்லை. விளக்கும் சிமிட்டவில்லை. தனம் சீட்டைத் தொட்டாள், கதவைத் தொட்டாள், முன்பலகையில் உள்ளங்கையை வைத்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று பார்க்கிற மாதிரி.

"ஓடுதா?"

"ஓடுதும்மா."

"ஒண்ணுமே தெரியல."

"நல்லா ஓடுனா தெரியாது தனம்."

அவள் கண்ணாடி வழியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிப் போய்விடுவாளா? இனிமேல் என் முகத்தில் விழிப்பாளா? திடீரென்று என் தொடையில் பளீர் என்று ஓர் அடி விழுந்தது.

"ஆட்டாதண்ணே! குடும்பத்துக்கு ஆவாது."

குனிந்து பார்த்தேன். என் கால், மாப்ளே. எனக்குத் தெரியாமலே ஆடிக்கொண்டிருந்தது.

அடித்த கையை அவள் எடுக்கவில்லை. என் முட்டியை அழுத்திப் பிடித்தபடியே ரொம்ப நேரம் அழுதாள். நீ போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கௌசியக் கூப்புடு. அந்தப் பாலத்துல ஏறுதான்னு பாத்துட்டு வருவோம்" என்றாள்.

ஏறியது. லாரியையே முந்தினோம். கௌசி பின்சீட்டில் உட்கார்ந்து கை தட்டினாள். இப்போது தினம் காலையில் ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறேன். தனம் ஆஸ்பத்திரிக்குப் போகிற பையைக் கட்டி முன்சீட்டுக்குக் கீழே வைத்துவிட்டாள். அந்த வேப்பிலை உன் போட்டோவுக்குப் பின்னால் இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். வலி எந்த நேரத்தில் எடுத்தாலும் உன் பெண் உன் வண்டியில்தான் போவாள், நான்தான் ஓட்டுவேன். நான் இருக்கிற வரைக்கும் அந்த எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது. குழந்தை பிறந்து திரும்பி வருகிறபோது ஆரத்தி எடுப்பார்கள். அந்த மஞ்சள் தண்ணீரை டயருக்குத்தான் ஊற்றவிடுவேன்.

பிறக்கிறது கால் ஆட்டினால், தனம் அடிக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மொபெட்டில் உனக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டினவன்,
தனத்துக்கு அண்ணன், உனக்கு மச்சான்,
முருகையன்