உள்பக்கமாக ஒட்டிய ஊசிக் கார்டுகள்

என் அன்பான ரூபி அக்காவுக்கு,

நீ போய்ச் சேர்ந்த பிறகும் எனக்கு உன்மேல் பயம் போகவில்லை. அதனால் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நம் காலனிப் பிள்ளைகளின் ஊசிக் கார்டுகளை லேமினேஷன் போட்டு, யாரும் படிக்கவோ எழுதவோ முடியாதபடி அடைத்தவன் நான்தான். "எந்தப் பேமானிடா இத்த ஒட்டினவன்? கையில கெடச்சான்னா அவனியே அந்த மிஷின்ல வுட்டு எடுக்கறேன்" என்று நர்ஸ் உடுப்போடு என் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று கத்தினாயே, அப்போது "யாரோ சித்தூர் டவுன்காரனா இருப்பான்க்கா" என்று சொன்னேன். சொன்னதோடு விட்டேனா? உன்னோடு சேர்ந்து அவனை நானும் இரண்டு வார்த்தை திட்டினேன். உனக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நம் காலனிப் பெண்கள் தலைப்பிரசவத்துக்கு வேலூர்ப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போவார்கள். அங்கே தமிழில் ஒரு கார்டு. மூன்று மாதக் குழந்தையோடு இங்கே ஆந்திராவுக்குத் திரும்பினால் தெலுங்கில் இன்னொரு கார்டு. பாதி ஊசி அதில், மீதி இதில். ஒன்று தொலைந்தாலும் பிள்ளை பாதிதான் வளர்ந்த கணக்கு.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தாலே யாருக்காவது கெடுதல் என்று நீ சொல்வாய். இரண்டு கார்டையும் சேர்த்து ஒரே தாளில் லேமினேஷன் போட்டால் எப்படிப் பிரியும்? கார்டின் ஒரு பக்கம் தாயும் சேயும் படம், குழந்தையின் பெயர். மறுபக்கம் தேதி எழுதும் கட்டங்கள். "படம் வெளிய தெரியட்டும்ணா, அயகா கீது" என்றார்கள் தாய்மார்கள். சரி என்று படத்தை வெளியே வைத்து, கட்டங்களை ஒன்றோடொன்று முகம் பார்க்க வைத்து அடைத்துவிட்டேன். மழையில் நனையாது, எலி கடிக்காது, நர்ஸும் தொட முடியாது. ஐந்து வயது, பத்து வயது, பதினாறு வயது ஊசிகளுக்கான கட்டமெல்லாம் உள்ளே இருட்டில். அப்படி முப்பது வீட்டுக்கு மேல் இருக்கும்.

இப்போதைய செய்தி சொல்கிறேன். உன் இடத்துக்குப் புது நர்ஸம்மா வந்திருக்கிறாள். திருச்சானூர்க்காரி, சின்னப் பெண். தமிழ் புரியும், பேச வராது. திட்டுவதற்கு மட்டும் உன்னைப் போலவே எந்த மொழியும் தேவையில்லை. எல்லாம் கையில் இருக்கும் போனில்தான் பார்க்கிறாள். அந்தப் பக்கம் பிறந்த நம் பிள்ளைகள் பாதிப் பேர் அந்தப் போனுக்குள் இல்லை. அதனால் நீ ஊசிக் கணக்கு எழுதிவைத்த நோட்டைத் தேடி என்னிடம் வந்தாள். மாமா அதை என்னிடம்தான் கொடுத்திருக்கிறார். ஏன் என்னிடம் என்று எனக்கும் இன்றுவரை புரியவில்லை.

அக்கா, அது என்ன நோட்டு? ஊசி போட்டு முடித்தால் பெயரைக் குறுக்கே அடித்திருக்கிறாய். குடும்பம் ஊரைவிட்டுப் போனாலும் அடித்திருக்கிறாய். அதே கோடு, அதே நீலப் பேனா. எது எதற்கென்று உனக்குத் தெரியும். நாங்கள் என்ன செய்வது?

"ஜெயசீலன்காரு, பேரு கொட்டேசாரு கதா? வேசினட்டா, வெள்ளிப்போயினட்டா?" என்று கேட்டாள் நர்ஸம்மா. பெயரை அடித்திருப்பது ஊசி போட்டதாலா, ஊரைவிட்டுப் போனதாலா என்கிறாள். நான் அந்தக் கோட்டை மூக்குக்கண்ணாடி போட்டும் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன்.

அவள் விரல் வைத்திருந்தது நித்யாவின் பெயர்மேல். கலை–முருகன் தம்பதியின் மகள். நாயுடுபேட்டையில் வேலை என்று போனவர்கள் ஒரு வருஷம் கழித்து வந்து, பிள்ளையை இங்கேயே ஐந்தாம் வகுப்பில் சேர்த்தார்கள். அதற்குள் தடாவில் வேறு வேலை கிடைத்து, இந்தச் சனிக்கிழமை மறுபடி கிளம்பப்போகிறார்கள். வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் பத்து வயது ஊசி. தொண்டை அடைப்பானுக்கும் ரணஜன்னிக்கும் போடுவது. அன்றைக்கு விட்டால் அந்தப் பிள்ளையை யார், எந்த ஊரில் தேடிப் பிடிப்பது?

புதன்கிழமை சாயங்காலம் நர்ஸம்மாவும் நானும் கலை வீட்டுக்குப் போனோம். கையில் கத்தரிக்கோல் வேறு.

"ஐய, அதெல்லாம் போட்டாச்சிண்ணா" என்றாள் கலை. "உங்க அக்காதான் போட்டுச்சி. கொயந்த என் கைய புட்ச்சிகினு அய்தது அப்பிடியே கண்ணுல கீது."

"அது எந்த வயசுல?"

"அது இன்னாமோ, சின்ன வயசுலதான்."

"இப்பவும் சின்ன வயசுதானேம்மா!"

முருகன் சோற்றுத் தட்டோடு வெளியே வந்தான். "போட்டத்தையே இன்னொரு தபா போட்டா கொயந்தைக்கு இன்னா ஆவும்? நீ கையெயுத்து போட்டுக் குடுக்கறியாண்ணா?"

ஒன்றும் ஆகாது, கை கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான் என்று நர்ஸம்மா தெலுங்கில் பொறுமையாகச் சொன்னாள். அவன் கேட்கவில்லை. "கார்டுல எயுதலன்னு காட்டு, நானே தோள்ல தூக்கிகினு வரேன்" என்றான்.

கார்டு வந்தது. ரேஷன் கார்டோடு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். பளபளவென்று, கண்ணாடி போல, என் கைவேலை. நான் கத்தரிக்கோலை எடுத்ததும் கலை கார்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கொயந்த பேரு போட்ட அட்டண்ணா. இத்தப் போயி வெட்றதா?"

"கட் பண்ணுங்க மாமா" என்றாள் நித்யா. "ஊசி போட்டாச்சின்னு உள்ள இருந்தா நான் தப்சிக்கினேன்."

"போடலன்னு இருந்தா?"

"அப்பிடின்னா கட் பண்ணாதீங்க."

வேறு வழியில்லாமல் கலையிடம் உண்மையைச் சொன்னேன். "இதை அடைச்சவனே நான்தாம்மா. நானே திறக்கறேன்."

"தெரியும்ணா. நான்தானே உன் கடைக்கு வந்து குடுத்தேன்?"

ஆமாம், கொடுத்தது அவள்தான். காலனியில் அத்தனை தாய்மார்களுக்கும் தெரியும். அப்படியென்றால் ஒருத்திகூடவா உன்னிடம் சொல்லவில்லை? இந்தக் காலனியில் நான் மீன் வாங்கினால், குழம்பு கொதிப்பதற்குள் உனக்குத் தெரிந்துவிடுமே?

"ஓரமா மட்டும் வெட்டு. படத்துல பட்டுச்சின்னா சும்மா இருக்க மாட்டேன்" என்று கடைசியில் கலை நீட்டினாள். கத்தரிக்கோலை ஓரத்தில் வைத்தேன். வெட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, அக்கா. இடதுபக்கம் தவிர மற்ற மூன்று ஓரமும் ஏற்கெனவே திறந்திருந்தன. ஸ்கேல் வைத்து பிளேடால் கீறியதுபோல ஒரே நேர்க்கோடு. லேசாகத் தட்டினேன், இரண்டு கார்டும் புத்தகம் போல விரிந்தன.

ஐந்து வயதுக் கட்டத்தில் தேதியும் உன் கையெழுத்தும். கலை நினைவில் வைத்திருந்த அழுகை அதுதான். பத்து வயதுக் கட்டம் காலி. ஓரத்தில் பென்சிலால் "அஞ்சாம் கிளாஸ் போனதும்" என்று எழுதியிருந்தாய்.

கலை யோசித்தாள். "அக்கா ஒருநா வந்து பிளேடு கீதான்னு கேட்டுச்சி. நகம் வெட்டத்தான்னு நெனச்சிகினு குடுத்தேன்."

திருப்பதி ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ என்னிடம் கேட்டதும் அப்போதுதான் உறைத்தது. "நாயுடுபேட்டைக்காரங்க வந்துட்டாங்களாடா?" என்றாய். மாமாவின் சொந்தக்காரர்கள் அங்கே இருக்கிறார்களே, அவர்களைக் கேட்கிறாய் என்று நினைத்து, "வந்துட்டுப் போய்ட்டாங்கக்கா, ஆப்பிள் குடுத்தாங்க" என்று புளுகினேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். ஊசி போட வேண்டிய பிள்ளையைக் கேட்டால் ஒருத்தன் ஆப்பிளைப் பற்றிப் பேசுகிறானே என்றா? அந்தப் பார்வையை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை முருகன் சொன்னபடியே பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். ஐந்தாம் வகுப்பே கைகொட்டிச் சிரித்தது. ஊசி ஏறும்போது நித்யா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரியாது, நான் மூடிக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா கட்டத்தில் தேதி எழுதினாள். மை காயும்வரை கலை அதை ஊதிக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு வீடு வீடாகப் போய்க் கார்டுகளைப் பார்த்து வருகிறேன். இதுவரை பார்த்த எல்லாவற்றிலும் மூன்று பக்கமும் அதே கீறல். எப்போது செய்தாய்? இத்தனையையும் நீயே திறந்துவிட்டு, அப்புறமும் ஏன் மாதம் ஒருமுறை என் கடைக்கு வந்து அந்த டவுன்காரனைத் திட்டினாய்? யார் என்று தெரியாமல் திட்டினாயா, தெரிந்தே திட்டினாயா? நான் மறைத்தேனா, நீ மறைத்தாயா? யோசித்தால் தலை சுற்றுகிறது, அக்கா.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். இனி ஊசிக் கார்டுக்கு லேமினேஷன் கிடையாது. வாய் திறந்த உறையில் போட்டுக் கொடுப்பேன். உன் நோட்டில் ஊசி போட்டவர்களுக்கு டிக், ஊரைவிட்டுப் போனவர்களுக்கு அம்புக்குறியும் போன் நம்பரும். நித்யா பத்தாம் வகுப்புக்குப் போகும் வருஷம், அவர்கள் தடாவில் இருந்தாலும் வேறெங்கே இருந்தாலும் கூப்பிட்டு ஞாபகப்படுத்துவேன். நர்ஸம்மா சொல்வதை அப்படியே சொல்வேன், சொந்த யோசனை எதுவும் சேர்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னிடம் மாட்டாமல் தப்பித்த ஒரே தம்பி,
ஜெயசீலன்

பி.கு.: கார்டைக் கலையிடம் திருப்பிக் கொடுக்கும்போதுதான் பார்த்தேன். லேமினேஷனுக்குள்ளே கீழ் மூலையில், விளம்பரத்துக்காக எல்லாவற்றிலும் நான் வைக்கும் ஸ்டிக்கர் இருக்கிறது. கடைப் பெயர், பக்கத்தில் சிரித்த முகமாக என் போட்டோ.