சிஸ்டர் இருந்தாங்க

20.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? இடது காதில் சீழ் நின்றதா? தறிக்கூடத்தில் பஞ்சாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "என்ன வே, குளிருதா?" என்று முதலாளி கேலி செய்வார், அதற்குப் பயந்து வைக்க மாட்டீர்கள்.

ஹாஸ்டலில் செல்போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வார்டன் அறைப் போனில் பேசலாம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். அம்மாவிடம் "சாப்பிட்டேன், தூங்கினேன்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. உங்களுக்கோ போனில் எதுவும் கேட்காது. அதனால்தான் கடிதம். என்னோடு படிக்கிற கடையநல்லூர் ஹஸ்னா பானுவைப் பார்க்க அவள் வாப்பா மைதீன் மாமா ஞாயிறுதோறும் வருகிறார். சனிக்கிழமை சரக்கெடுக்க நம் ஊருக்கு வரும்போது இதை உங்களிடம் தருவார். பதிலையும் அவரிடமே கொடுங்கள். தபாலில் வந்தால் வார்டன் பிரித்துப் படிப்பார்.

அப்பா, படிப்பை விட்டுவிட்டு வந்துவிடலாம் என்றிருக்கிறேன்.

படிப்பு என்று ஒன்று நடந்தால்தானே விடுவதற்கு. கல்லூரியும் ஆஸ்பத்திரியும் ஒரே டிரஸ்ட். நர்ஸ் வைத்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். எங்களை வைத்தால் நாங்களே ஃபீஸ் கட்டிவிட்டு வேலையும் பார்க்கிறோம். மூன்று மாடிக்கும் சேர்த்து ஒரே ஒரு சிஸ்டர். மற்றபடி மாணவிகள்தான். நோயாளிகளுக்கு அது தெரியாது, எங்களையே சிஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை பிரசவ வார்டில் நான் தனியாக இருந்தேன். மாரிச்செல்வி என்று ஒரு பெண், குருவிகுளம் பக்கம். அன்று காலையில்தான் பையன் பிறந்திருந்தான். என் பேச்சை வைத்தே ஊரைக் கண்டுபிடித்துவிட்டாள். "ஏட்டி, நீ என்னயவிடச் சின்னப்பிள்ள, ஒன்னயப் போயி சிஸ்டருங்கணுமாக்கும்" என்று சிரித்தாள். மத்தியானம் குளிருது என்றாள். போர்வையை எடுத்துப் பார்த்தால் படுக்கை முழுக்க ரத்தம். போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. புத்தகத்தில் போட்டிருந்தபடி அடிவயிற்றைப் பிசைந்துகொண்டே கத்தினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்தபோது பார்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

வந்துவிடட்டுமா அப்பா?

உங்கள் மகள்,
பெனிட்டா

26.7.2025
சங்கரன்கோவில்

கர்த்தருக்குள் பிரியமான என் மகள் பெனிட்டாவுக்கு அப்பா சுந்தரராஜ் எழுதுவது.

உன் கடிதத்தை நான் வாசிக்க, உன் அம்மா பீடி சுற்றுகிற தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அந்தப் பெண்ணின் ஆத்துமாவுக்காக ஜெபம் பண்ணினோம். அந்தப் பச்சைப்பிள்ளையை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஆனால் மக்கா, ஆஸ்பத்திரி என்றால் சாவு இருக்கும். பாதிக்கு மேல் கடந்துவிட்டாய். விட்டு வந்து என்ன செய்வாய்? நம் தெரு ஹெலனைப் பார். படிப்பை விட்டு வந்தவள் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். காலையிலிருந்து கடை அடைக்கிறவரை உட்கார விடுவதில்லையாம், கால் நரம்பு சுருண்டுபோயிற்று. இந்த சீட்டை வாங்கித் தர ஜெபசிங் அண்ணாச்சி எத்தனை பேரைப் பார்த்தார். உங்கள் ஆஸ்பத்திரிக்கு மருந்து சப்ளை செய்கிறவர் என்பதால் நடந்தது. இல்லாவிட்டால் தறிக்காரன் மகளுக்கு யார் கதவைத் திறப்பார்கள்?

தெருவில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் இப்போதே "பெனிட்டா அக்கா எப்ப வரும்?" என்று கேட்கிறார்கள். அம்மாவுக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா?

கொஞ்ச நாள் போனால் மனது தேறும். பொறுத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை.

அன்பு அப்பா

27.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பொறுத்துக்கொள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் பொறுத்துத்தான் காது போயிற்று. உங்கள் முதலாளி ஒரு நாளாவது "சுந்தரராஜ், டாக்டரைப் பார்த்தாயா?" என்று கேட்டாரா? கோபத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். ஆனால் பொய்யாக எழுதவில்லை.

போன தடவை ஒன்றை எழுதாமல் விட்டேன். மாரிச்செல்வி இறந்த மறுநாள் பிரின்சிபால் மேடம் என்னைக் கூப்பிட்டு டீ கொடுத்தார். இரண்டரை வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். "ஒம்மேல ஒரு தப்பும் இல்லம்மா. யாரு கேட்டாலும் வார்டுல சிஸ்டர் இருந்தாங்கன்னு சொல்லு. அது போதும்" என்றார். சிஸ்டர் இல்லையே மேடம் என்றேன். "நீ டிகிரி வாங்கணும்லா?" என்றார். டீயைக் குடித்து முடிக்கச் சொன்னார்.

இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை. செத்தவள் வீட்டார் ஏழைகள், யார் கேட்கப் போகிறார்கள் என்று வார்டனே சொல்கிறார். ஒரு நாள் கேட்பார்கள் அப்பா. அன்றைக்கு நான் இங்கே இருக்கக் கூடாது. வெளியே வந்துவிட்டால் உள்ளதைச் சொல்லலாம். இங்கிருந்தால் முடியாது. ஹெலன் அக்கா மாதிரி ஜவுளிக்கடையில் நிற்கிறேன், பரவாயில்லை. கால்தானே போகும்.

பிளஸ் டூ சான்றிதழெல்லாம் இவர்களிடம் இருக்கிறது. நீங்கள் நேரில் வந்து கேட்டால்தான் தருவார்கள். "வா" என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம், ஜெபசிங் மாமாவிடம் நிச்சயமாக வேண்டாம்.

பெனிட்டா

9.8.2025
சங்கரன்கோவில்

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

ஆடித்தபசுத் திருவிழா முடிந்து ஊரெல்லாம் குப்பையாகக் கிடக்கிறது. பஸ்ஸைச் சுற்றி விட்டதில் மைதீன் அண்ணாச்சிக்கு இன்று லேட். உன் கடிதம் போன சனிக்கிழமையே வந்துவிட்டது. உடனே பதில் எழுத எனக்குப் புத்தி வரவில்லை. வா என்று எழுதவும் கை வரவில்லை, இரு என்று எழுதவும் வரவில்லை. அம்மா, "வரச் சொல்லுங்க" என்கிறாள். அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்து, "வேண்டாம், அவ வாழ்க்க கெட்டிரும்" என்கிறாள்.

யாரிடமும் சொல்லாதே என்றாய். மனுஷர் யாரிடமும் சொல்லவில்லை மக்கா. நேற்று வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் விண்ணப்பச் சீட்டு எழுதிப் போட்டேன். "என் மகள் பெனிட்டா நர்சிங் படிக்கிற இடத்தில், பிரசவத்தில் இறந்த பெண்ணைப் பற்றிப் பொய் சொல்லும்படி நெருக்குகிறார்கள். படிப்பை விடுவதா வேண்டாமா என்று கர்த்தர் வழி காட்ட ஜெபிக்கவும்." இவ்வளவுதான் எழுதினேன். போதகர் மைக்கில் வாசித்தார். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்ததை வைத்து என் சீட்டுதான் என்று தெரிந்துகொண்டேன். சபை முழுக்க உனக்காக முழங்கால் போட்டது.

ஜெபசிங் அண்ணாச்சியும் வந்திருந்தார். முடிந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, எனக்கு உதடு தெரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி, "நீங்க வெசனப்படாதீங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். பாரம் இறங்கின மாதிரி இருந்தது. நான் சொல்லவில்லை, கர்த்தர்தான் அவருக்குத் தெரியப்படுத்தினார். பார், ஒரு வழி பிறக்கும்.

அன்பு அப்பா

10.8.2025

அப்பா,

உங்கள் கடிதத்தை இப்போதுதான் படித்தேன். அதில் இருந்ததெல்லாம் நேற்று மத்தியானமே எனக்குத் தெரியும். பிரின்சிபால் மேடம் கூப்பிட்டு, உங்கள் சீட்டில் எழுதியிருந்ததை வரி விடாமல் சொன்னார். ஜெபசிங் மாமா பார்த்துக்கொண்டார் அப்பா. வெள்ளிக்கிழமை சாயங்காலமே போன் போட்டுப் பார்த்துக்கொண்டார். அவருக்கு மருந்து விற்க வேண்டுமே.

இந்தத் தடவை டீ இல்லை. நிற்க வைத்துத்தான் பேசினார். "ஒங்கப்பா கோயில்ல வச்சு எங்க பேரக் கெடுக்காரு. கேஸ் வந்துச்சுன்னு வையி, வார்டுல இருந்தது நீதான். ஒன்னய நம்பித்தான் விட்டோம், நீ கவனிக்காமப் போய்ட்டன்னு எழுதுவோம். படிப்பும் போகும், போலீசும் வரும்" என்றார். வெளியே போனாலும் அதேதானாம். வெளியே போனால் உண்மையைச் சொல்லலாம் என்று எழுதினேனே, அந்த வாசலையும் மூடிவிட்டார்கள்.

மாரிச்செல்வியின் வீட்டார் வியாழக்கிழமை வருகிறார்கள். புருஷன் நல்லக்கண்ணு அமைதியான ஆளாம், அவள் தம்பிதான் புகார் கொடுப்பேன் என்று நிற்கிறானாம். "ஒங்க ஊர்ப்பக்கம்தான, நீ சொன்னா நம்புவாங்க. பேசு. இல்லன்னா புதன்கிழமையே பொட்டியக் கட்டு" என்றார்.

சனிக்கிழமைதான் இது உங்கள் கைக்கு வரும். அதற்குள் வியாழன் போய்விடும். இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள் என்று மைதீன் மாமாவிடம் கேட்கலாம், தங்கமான மனுஷன், செய்வார். கேட்கவில்லை. கேட்டால் "இரு" என்று நீங்கள் எழுதி அனுப்புவீர்கள். அதை உங்கள் கையெழுத்தில் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. நீங்கள் கெட்டது நினைக்கவில்லை என்பதும் தெரிகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

பெனிட்டா

16.8.2025
சங்கரன்கோவில்

என் தங்க மகளே,

மைதீன் அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டில் கொடுத்தார், நின்ற இடத்திலேயே வாசித்தேன். அவர் பிடித்து உட்கார வைத்தார்.

நான் பாவி. கடவுளிடம் சொல்கிறோம் என்று நினைத்து ஊரிடம் சொல்லிவிட்டேன். ஜெபசிங் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்து ஏதோ பேசினார். இந்தத் தடவை உதடு தெரிகிற மாதிரி பேசவில்லை. நான் பேச வேண்டியதைப் பேசிவிட்டு வந்தேன். தெருவே கேட்டது என்று அம்மா சொன்னாள். எனக்கு எவ்வளவு சத்தம் என்று தெரியவில்லை.

வா மக்கா. வந்துவிடு. சான்றிதழும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். போலீஸ் வந்தால் வரட்டும், உன் பக்கத்தில் நான் நிற்கிறேன். வியாழக்கிழமை நீ என்ன சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் ரொம்ப நல்லது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். துணிகளை எடுத்து வை. அம்மா உன் கட்டிலைத் துடைத்துப் போட்டிருக்கிறாள்.

"இரு" என்றுதான் எழுதுவேன் என்று நினைத்தாயே, அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

உன் அப்பா

17.8.2025

அப்பா,

இதை இன்றைக்கே உங்கள் கையில் சேர்க்கச் சொல்லி மைதீன் மாமாவைக் கெஞ்சியிருக்கிறேன். நாளைக்கு வராதீர்கள்.

வியாழக்கிழமை அவர்கள் வந்தார்கள். நல்லக்கண்ணு அண்ணன் பையனைத் தூக்கி வந்திருந்தார், தலையைத் தாங்கிப் பிடிக்கத் தெரியவில்லை. தம்பி கத்திக்கொண்டிருந்தான். என்னை முன்னால் விட்டார்கள். நல்லக்கண்ணு அண்ணன் என்னைப் பார்த்ததும், "சங்கரன்கோயில் பிள்ளன்னு போன்ல சொன்னாளே, நீங்கதானா?" என்று கேட்டார். தம்பியைத் திரும்பிப் பார்த்து, "ஏலே, சத்தம் போடாத. இது நம்ம பிள்ள. உள்ளதச் சொல்லும்" என்றார்.

சிஸ்டர் இருந்தாங்கண்ணே, எல்லாஞ் செஞ்சு பாத்தோம்னேன்.

தம்பி அழ ஆரம்பித்தான். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்று மூன்று நாளாக நினைக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன்.

இனி நான் வர முடியாது அப்பா. உங்கள் மேல் கோபத்தில் சொல்லவில்லை, அது போய்விட்டது. அந்தப் பொய்யை எதற்குச் சொன்னேன்? இந்த டிகிரிக்கு. இப்போது அதையும் தூக்கிப் போட்டுவிட்டு வந்தால், ஒன்றுமில்லாததற்காகவா மாரிச்செல்வியை விற்றேன்? அதனால் படிப்பேன். பாஸ் பண்ணுவேன். நீங்கள் ஆசைப்பட்டது நடக்கும்.

லீவுக்கும் கொஞ்ச நாள் கூப்பிடாதீர்கள். அம்மா என் முகத்தைப் பார்த்தால் கேட்பாள்.

நாளையிலிருந்து எனக்கு மறுபடியும் பிரசவ வார்டு. தனியாகத்தான்.

கிளம்பும்போது நல்லக்கண்ணு அண்ணன் கேட் வரை போனவர் திரும்பி வந்தார். பையனை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு இன்னொரு கையால் கும்பிட்டார். "நல்லாப் படிச்சு முடிங்க தாயி. நம்ம பக்கத்துக்கு ஒங்கள மாதிரி ஒரு ஆள் வேணும்" என்றார்.

சரிண்ணே என்றேன்.

பெனிட்டா