சங்கு உன் பேரைத்தான் சொன்னதா?

என் முகத்தோடு பிறந்த சூசைக்கு,

எனக்குக் கொஞ்சம் முன்னால் பிறந்தவன் நீ. நீ உயிரோடு இருந்தவரை ஒருநாளும் அண்ணன் என்று கூப்பிட்டதில்லை, இப்போது கூப்பிடுகிறேன்.

இன்றும் துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியது. இருபது வயதில் அது உன் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்ததே, எனக்கு மட்டும் ஏன் அது வெறும் சங்காகவே கேட்கிறது? ஒரே வயிறு, ஒரே முகம், அப்புறம் எப்படி அண்ணே?

உன் மாத ஊசிக்குப் போனபோது நர்சம்மா நீ என்று நினைத்து என் சட்டைக் கையைச் சுருட்டியது நினைவிருக்கிறதா? நீ வாயே திறக்காமல் சிரித்துக்கொண்டிருந்தாய், படுபாவி.

சேதி ஒன்று. என் மகள் ரோசிக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது, வியாசர்பாடிப் பையன் ஸ்டீபன். ஆனால் உன் மனச்சிதைவு தனக்கும் வருமோ என்று அவளுக்குப் பயம். பெரியப்பாவுக்கு வந்தது உனக்கு எங்கே வரப்போகிறது என்று தேற்றினேன். கேட்கவில்லை. டாக்டரம்மாவிடம் போனோம்.

அந்தம்மா சொன்னதில் ஆடிப்போய்விட்டேன். நாம் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள், நம் மரபணு ஒன்றேதானாம். அப்படியானால் ரோசி எனக்கு எவ்வளவு மகளோ உனக்கும் அவ்வளவு மகள். பெரியப்பா என்ற சொல்லுக்குள் அப்பா இருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

ஆனால் மரபணுவே தலையெழுத்து இல்லையாம். ஏதோ ஒரு மரபணு மட்டும் செய்கிற வேலையுமில்லை, எத்தனையோ சின்னச் சின்ன மரபணுக்கள் சேர்ந்து வாய்ப்பைக் கூட்டுகின்றன. ரோசிக்கு மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம், ஆனாலும் வராமலிருக்கவே நிறைய இடமுண்டு. நம்மைப் போன்ற இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்து மற்றவர் தப்புவது சகஜமாம். மிச்சம் எதனால் என்று கேட்டேன். கருவில் பட்ட கஷ்டம், வளர்ந்த சூழல் என்று சிலதைச் சொல்லிவிட்டு, முழுசாக யாருக்கும் தெரியாது என்றார். வயிற்றுக்குள் உன் பங்கை நான் பிடுங்கிக்கொண்டேனோ?

ரோசி அன்றைக்கே ஸ்டீபனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டே, "எங்க வூட்ல எல்லாருக்கும் சக்கர வியாதி கீது. அதுக்கு நீ ஓடிடுவியா இன்னா?" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "பெரியப்பா எப்டி இருப்பாரு மாமா?" என்று கேட்டான்.

"இதோ, இப்டித்தான் இருப்பாரு" என்று என் முகத்தைக் காட்டினேன். அழுதுவிட்டேன் அண்ணே.

கல்யாணப் பத்திரிகையில் என் பேருக்கு மேலே உன் பேர் இருக்கும். என்றைக்காவது சங்கு ரோசியைப் பேர்சொல்லிக் கூப்பிட்டால், "இன்னா சொல்லுது கண்ணு?" என்று கேட்பேன். கேட்டுவிட்டு, அன்றைக்கே கைபிடித்து டாக்டரம்மாவிடம் கூட்டிப்போவேன். நம் மகள்மேல் சத்தியம்.

உன் பின்னாலேயே வந்த தம்பி,
அந்தோணி