மாடிப்படிச் சுவரில் ஒரு கண்ணாடித் துண்டு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம், உன் தங்கையும் சுகம், அவள் குடியிருக்கும் கட்டடம் சுகமா என்பது மட்டும் பரிசோதனையில் இருக்கிறது. நீயும் மருமகளும் குழந்தையும் அங்கே நன்றாக இருக்க வேண்டும். திரும்பி வர இரண்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்து, அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பினாய். அந்த விஷயத்தைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்த ஊரில் எல்லாமே நடக்கிற தூரம்தான், வழி கேட்டால்தான் வம்பு. பேங்க்கிட்ட திரும்பி தியேட்டரைத் தாண்டுங்க என்கிறார்கள். இரண்டும் பூகம்பத்தில் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இல்லாத பேங்கில் திரும்பி இல்லாத தியேட்டரைத் தாண்டி நானும் காய்கறி வாங்கப் பழகிவிட்டேன். இடியாமல் நின்ற கட்டடங்களில் விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டைப் பதித்துத் தேதி எழுதுவது உன் தங்கையின் வேலை. மூன்று மாதம் அது முழுசாக இருந்தால் குடியிருக்கலாம், உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, காலி செய்ய வேண்டும். அவள் வீட்டு மாடிப்படிச் சுவரிலும் ஒன்று இருந்தது. அது உடைஞ்சா உன்கூட வரேம்மா என்று நான் வந்த அன்றே சொல்லிவிட்டாள். கெடு முடியப் பத்து நாள் இருந்தது. தினமும் காலையில் ஆறு குடித்தனமும் பல் துலக்கிய கையோடு வந்து பார்ப்பார்கள். கீழ்வீட்டுத் தையல்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நல்லாத்தான் இருக்கும்மா என்பார். நானும் தலையாட்டுவேன். அந்தக் கூட்டத்தில் அது உடையட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான்.

போன செவ்வாய்க்கிழமை, தேதியே தெரியாமல் தூசி படிந்திருக்கிறதே என்று ஈரத்துணியால் துடைத்தேன். டிக்கென்று உடைந்தது. அத்தனை அழுத்தியது தூசிக்காகவா வேண்டுதலுக்காகவா என்று கேட்காதே. சற்று நேரத்தில் தையல்காரர் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இந்த மிஷினை எங்கே தூக்கிட்டுப் போறது என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். மற்ற வீட்டுக் கதவுகளும் திறந்தன. உடைந்தது என்று எழுத உன் தங்கை நோட்டைப் பிரித்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இரண்டு டிக்கெட்டும் உபயோகப்பட்டிருக்கும். ஆனால் அது எனக்கு வராத கலை. நான்தாண்டி துடைச்சேன் என்று சொல்லிவிட்டேன். உங்க சுத்தத்துக்கு ஒரு கும்பிடும்மா, பூகம்பமே தேவலாம் என்றார் தையல்காரர், எல்லாரும் சிரித்தார்கள், அவர் மட்டும் சிரிக்கவில்லை. உன் தங்கை என்னைத் திட்டவும் இல்லை. விரிசலை அளந்தாள், பழைய அளவுதான். ஆனாலும் விதிப்படி புதுக் கண்ணாடி பதித்து, புதுத் தேதி எழுதி, அதன் கீழே ‘துடைக்கக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். ஆக, ஆறு குடித்தனத்துக்கும் மறுபடி முதலிலிருந்து மூன்று மாதம்.

அதனால் இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்துவிடு. எல்லாரையும் காக்க வைத்துவிட்டு நான் மட்டும் பெட்டியைத் தூக்குவது நன்றாக இருக்காது. காலையில் நானும் போய் நிற்கிறேன், இப்போது அவர்கள் வேண்டுவதைத்தான் நானும் வேண்டுகிறேன், கொஞ்சம் தள்ளி நின்று. உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். குழந்தையின் பல்லை டாக்டரிடம் காட்ட மறக்காதே.

இப்படிக்கு,
கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்
உன் அம்மா